யார் ஏட்டை யார் புரட்டுவது?

மாடு வாங்கப் போகிறவன் பல்லைப் பிடித்துப் பார்க்கிறான், சுழி பார்க்கிறான். நிலம் வாங்கப் போகிறவன் வில்லங்கம் போட்டுப் பார்க்கிறான். பெண் கொடுக்கிறவர்களும் எடுக்கிறவர்களும் நாலு ஊரில் நாலு பேரை விசாரிக்கிறார்கள். கடன் கேட்டுப் போனால் பாங்கிக்காரர் நம் பழைய கடன், தவணை தவறிய மாதம் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் பார்த்து முடித்த பிறகுதான் நாற்காலியைக் காட்டுகிறார். மில்லுக்கு ஆள் எடுக்கும் முதலாளியோ, ஆதார் அட்டையில் தொடங்கிப் போலீஸ் ஸ்டேஷன் வரை துருவி முடித்துத்தான் கேட்டைத் திறக்கிறார். இதையெல்லாம் யாரும் தப்பு என்று சொல்வதில்லை. முன்ஜாக்கிரதை என்கிறார்கள், நிர்வாகம் என்கிறார்கள்.

ஆனால் விவசாயத் தொழிலாளி ஒருவர் எழுந்து, "எங்கள் ஊர் ஏரி வேலைக்கு யார் யார் பேரில் கூலி எழுதினீர்கள்? அந்தப் பட்டியலைக் காட்டுங்கள்" என்று கேட்டால் மட்டும் அது அடுத்தவர் அந்தரங்கத்தில் மூக்கை நுழைக்கும் காரியமாம்! இந்த அநியாயத்தைச் சட்டமாகவே எழுதி, 2025 நவம்பரில் அமலுக்கும் கொண்டுவந்து விட்டது மத்திய சர்க்கார். இந்தச் செய்தி மில் கேட்டுக்கும் களத்துமேட்டுக்கும் வந்து சேரவே இல்லை. பெரிய பத்திரிகைகள் எழுதியதெல்லாம் செல்போன் கம்பெனிகள் நம் தகவலை இனி எப்படிப் பத்திரமாக வைத்துக்கொள்ளும் என்பதைப் பற்றித்தான்.

நடந்தது என்ன?

2005-ல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் தனிமனிதரின் அந்தரங்கத்துக்கு இடம் இல்லாமல் இல்லை. 8(1)(ஜே) என்று ஒரு பிரிவு இருந்தது. பொதுக் காரியத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத சொந்தத் தகவலையோ, வெளியிட்டால் ஒருவரது அந்தரங்கத்தில் நியாயமின்றித் தலையிடுவதாக ஆகிவிடும் தகவலையோ கொடுக்க வேண்டியதில்லை. பெரிய பொதுநலன் இருந்தால் அதையும் கொடுக்கலாம் என்று அது சொன்னது. நியாயமான ஏற்பாடுதானே? ஒருவருக்கு என்ன வியாதி, வீட்டில் என்ன சச்சரவு என்று தோண்டுவதற்கா நாம் சட்டம் கேட்டோம்? அதோடு இன்னொரு வாசகமும் அங்கே இருந்தது. பார்லிமெண்டுக்கும் சட்டசபைக்கும் மறுக்க முடியாத தகவலை எந்த மனிதருக்கும் மறுக்கக் கூடாது என்ற வாசகம். எம்.பி.யும் களை பறிக்கும் பெண்ணும் ஒரே தராசில்!

2023 ஆகஸ்டில் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 44(3) பிரிவு இத்தனையையும் வெட்டி எறிந்துவிட்டது. பொதுக் காரியத்தோடு சம்பந்தம் உண்டா என்ற கேள்வி போயிற்று. நியாயமின்றித் தலையிடுவதா என்ற கேள்வி போயிற்று. எம்.பி.க்குச் சமமாக நம்மை வைத்த வாசகமும் போயிற்று. மிச்சம் நிற்பது ஒன்றே ஒன்று: அது "தனிநபர் தகவல்" என்றால் கொடுக்க வேண்டியதில்லை.

இதில் இன்னொரு சூழ்ச்சியையும் கவனியுங்கள். அந்தச் சட்டத்தில் மக்களுடைய தகவலைக் காப்பாற்றுவதாகச் சொல்லும் பிரிவுகள் உண்டு. கம்பெனிகள் நம்மிடம் சம்மதம் கேட்க வேண்டும், தப்பான தகவலைத் திருத்த வேண்டும், தேவை முடிந்தால் அழிக்க வேண்டும் என்றெல்லாம் அவை பேசுகின்றன. அவற்றுக்கு 18 மாதத் தவணை, அதாவது 2027 மே வரை. முதலாளிகள் ஆயத்தம் செய்துகொள்ள அவகாசம் வேண்டுமாம். தகவல் அறியும் உரிமையை வெட்டும் பிரிவுக்கு மட்டும் ஒரு நாள் தவணையும் கிடையாது. அறிவித்த கையோடு அமல்!

பேரில்லாத திருட்டு எங்கே நடக்கிறது?

இந்தச் சட்டத்தின் விஷம் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் தகவல் அறியும் உரிமை பிறந்த கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். டில்லியில் படித்தவர்கள் கூடிப் பேசி உண்டாக்கிய உரிமை அல்ல அது. ராஜஸ்தானத்தில் மண் வெட்டியவர்களும் கல் சுமந்தவர்களும் கேட்டு வாங்கிய உரிமை.

1990 மே தினத்தன்று அங்கே மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற ஸ்தாபனம் தொடங்கப்பட்டது. பஞ்ச நிவாரண வேலை, ரோட்டு வேலை, தடுப்பணை வேலை என்று சர்க்கார் வேலைக்குப் போன ஏழைகளுக்குச் சட்டப்படியான கூலி கைக்கு வருவதில்லை. கேட்டால், "நீ அவ்வளவுதான் வேலை செய்தாய், ஏட்டில் அப்படித்தான் இருக்கிறது" என்பார்கள். சரி, ஏட்டைக் காட்டு என்றால் அது சர்க்கார் ரகசியம்! 1994 டிசம்பர் 2-ந் தேதி கோட் கிரானா என்ற கிராமத்தில் ஊர்க் கூட்டம் கூட்டி, கையில் கிடைத்த மஸ்டர் ரோல்களையும் பில்களையும் எல்லோர் முன்னிலையிலும் உரக்கப் படித்தார்கள். அந்தப் பக்கத்தில் அடுத்தடுத்து நடந்த இப்படிப்பட்ட கூட்டங்களில் வேலைக்கே வராதவர் பேரில் கூலி, செத்துப்போனவர் பேரில் கூலி, கட்டாத கட்டடத்துக்குப் பில் என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தது. 1996-ல் பியாவர் நகரத்தில் 40 நாள் தர்ணா. அந்த நெருப்பிலிருந்துதான் 2005-ம் வருஷத்துச் சட்டம் வந்தது. (நம் தமிழ்நாட்டில் 1997-லேயே, எந்த மாநிலத்துக்கும் முந்தி, ஒரு தகவல் சட்டம் போட்டார்கள். அதில் கொடுக்க மாட்டோம் என்ற பட்டியல்தான் பெரிதாக இருந்தது. அதைக் கொண்டு யாரும் எதையும் சாதித்ததாகப் பெயர் இல்லை.)

இப்போது யோசியுங்கள். மஸ்டர் ரோலில் என்ன இருக்கிறது? பெயர், தகப்பன் பெயர், வேலை செய்த நாள், கூலி, கைநாட்டு. ஒவ்வொன்றும் "தனிநபர் தகவல்"! பேரை அழித்துவிட்டுப் பட்டியலைக் கொடுத்தால் செத்தவர் யார், இருப்பவர் யார் என்று எவர் கண்டுபிடிப்பது? ரேஷன் கடையில் போலிக் கார்டு எது? தொகுப்பு வீடு உண்மையில் யார் பேரில் எழுதப்பட்டது? பாலம் கட்டிய காண்டிராக்டர் எந்தப் பெரிய மனிதருக்கு மைத்துனர்? எல்லா ஊழலும் ஒரு பெயரில்தான் குடியிருக்கிறது. பேரைக் கேட்கக் கூடாது என்று சொல்வது, திருடனைத் தேடு, ஆனால் முகத்தைப் பார்க்காதே என்று சொல்வதுதான்!

சர்க்கார் தரப்பில் ஒரு சமாதானம் சொல்கிறார்கள். 8(2) பிரிவு அப்படியே இருக்கிறதே, பொதுநலன் பெரிது என்றால் அதிகாரி கொடுக்கலாமே என்கிறார்கள். இருக்கிறது, உண்மைதான். "கொடுக்கலாம்" என்றுதான் அதுவும் இருக்கிறது. முன்பு மறுக்க விரும்பும் அதிகாரி, இந்தத் தகவலுக்குப் பொதுக் காரியத்தோடு சம்பந்தமில்லை என்று காட்டியாக வேண்டும். இனி "இது தனிநபர் தகவல்" என்ற இரண்டு வார்த்தை எழுதி மனுவைத் திருப்பிவிடலாம். பொதுநலன் எங்கே என்று நிரூபிக்கும் பாரம் பத்து ரூபாய் ஸ்டாம்பு ஒட்டிய கூலிக்காரர் தலையில். 2012-லேயே சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்பில் அரசு ஊழியரின் சொத்து விவரமும் தண்டனை விவரமும் சொந்த விஷயம் என்று சொல்லி இந்தக் கதவைப் பாதி சாத்தியது. மீதிப் பாதியைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டிருப்பவர்கள் இவர்கள்.

அந்தரங்கத்தின் மீது இவர்களுக்கு இத்தனை பக்தி எப்போது வந்தது? 2015-ல் ஆதார் வழக்கு நடந்தபோது, அந்தரங்கம் என்பது இந்த நாட்டு மக்களுக்கு அடிப்படை உரிமையே அல்ல என்று சுப்ரீம் கோர்ட்டில் வாதாடியது இதே சர்க்காரின் அட்டர்னி ஜெனரல்தான்! 2017 ஆகஸ்டு 24-ந் தேதி 9 நீதிபதிகள் ஒருமுகமாக, அது அடிப்படை உரிமைதான் என்று தீர்ப்புச் சொன்னார்கள். மக்கள் சர்க்காரிடமிருந்து தங்களைக் காத்துக்கொள்ளப் பெற்ற கேடயம் அது. அதைப் பிடுங்கி, மக்களிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ளச் சர்க்கார் பிடித்துக்கொண்டிருக்கிறது.

பணக்காரர்களின் ஏடு திறந்தால் என்ன ஆகும் என்பது இவர்களுக்குத் தெரியும். 2018-ல் தேர்தல் பத்திரம் கொண்டுவந்தார்கள்; யார் எந்தக் கட்சிக்கு எவ்வளவு கொடுத்தார் என்பது தெரியக் கூடாது என்பதே அதன் லட்சணம். அதற்கும் சொன்ன நியாயம் கொடுப்பவரின் அந்தரங்கம்தான். 2024 பிப்ரவரி 15-ந் தேதி சுப்ரீம் கோர்ட் அது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று தூக்கி எறிந்தது. ஸ்டேட் பாங்கி கணக்குக் கொடுக்க ஜூன் 30 வரை தவணை கேட்டது. கோர்ட் மறுத்தது, மார்ச் மாதத்துக்குள்ளேயே கணக்கு வெளியே வந்தது. வாங்கியவர்களில் முதலிடம் கோவையைச் சேர்ந்த லாட்டரிக் கம்பெனிக்கு: 1,368 கோடி ரூபாய்! பாங்கிக்கு மாதக்கணக்கில் பிடிக்கும் என்ற வேலையை நாலு பத்திரிகைக்காரர்கள் நாலு நாளில் முடித்தார்கள்.

நம் ஏடு யார் கையில்?

தொழிலாளியைப் பற்றிய ஏடு புதிதாக வந்ததல்ல. குற்றப் பரம்பரைச் சட்டம் 1871-ல் வந்தது. பின்னாளில் சென்னை மாகாணத்துக்கும் அதை நீட்டினார்கள். பிறந்த ஜாதியே குற்றம் என்று சொல்லி ஊர் ஊராக ஆண்களின் கைரேகையை எடுத்து ஏட்டில் ஏற்றினார்கள். இரவில் போலீஸ் சாவடியில் வந்து படுக்க வைத்தார்கள். ரேகைச் சட்டம் என்றே மதுரைப் பக்கத்து மக்கள் அதை அழைத்தார்கள். ரேகை வைக்க மாட்டோம் என்று எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ந் தேதி துப்பாக்கிப் பிரயோகம். 16 பேர் மாண்டார்கள், அதில் ஒருவர் பெண். ஒருவனைப் பற்றிய ஏடு எதிரியின் கையில் இருந்தால் என்ன நடக்கும் என்பது அந்த மக்களுக்கு யாரும் வகுப்பெடுக்காமலே தெரிந்திருந்தது.

அது வெள்ளைக்காரன் காலம் என்று தள்ளிவிட வேண்டாம். அதே வெள்ளைக்காரன் தன் ஊரில் தன் தொழிலாளிக்குச் செய்ததைக் கேளுங்கள். பிரிட்டனில் கட்டடத் தொழிலாளர்களைப் பற்றி ஒரு ரகசியக் காரியாலயம் கார்டு போட்டு வைத்திருந்தது. 2009-ல் தகவல் பாதுகாப்பு அதிகாரிகள் உள்ளே நுழைந்து பார்த்தபோது 3,213 பேருடைய விவரம் கிடைத்தது. இன்னார் சங்கத்தில் இருக்கிறார், இன்னார் சாரம் சரியில்லை என்று புகார் செய்தார், இன்னாரை வேலைக்கு வைக்காதே என்று எழுதியிருந்தது. பெரிய பெரிய கட்டடக் கம்பெனிகள் 44 இதற்குச் சந்தாதாரர்கள். வருஷச் சந்தா 3,000 பவுன். ஒரு பெயரைச் சரிபார்க்க 2 பவுன் 20 பென்ஸ். ஒரு குடும்பத்தின் அடுப்பை அணைக்க 2 பவுன் 20 பென்ஸ்! வருஷக்கணக்கில் வேலை கிடைக்காமல் அலைந்தவர்களுக்கு அன்றுதான் காரணமே தெரிந்தது. கோர்ட் போட்ட அபராதம் 5,000 பவுன். பாதிக்கப்பட்டவர்கள் வழக்காடி 2016-ல்தான் கம்பெனிகளிடமிருந்து நஷ்டஈடு வாங்கினார்கள்.

அந்தக் கார்டுகள் வெளியே வந்தது அந்த நாட்டுத் தகவல் பாதுகாப்புச் சட்டத்தால்தான் என்பதையும் சொல்ல வேண்டும். ஆகவே தகவல் பாதுகாப்புச் சட்டமே கூடாது என்று நாம் சொல்லவில்லை. தொழிலாளியைக் காக்கும் சட்டம் வேண்டும் என்கிறோம். நம் நாட்டுச் சட்டத்தில் என்ன எழுதியிருக்கிறார்கள்? 7-வது பிரிவைப் படியுங்கள். வேலைக்கு வைப்பது சம்பந்தமாகவோ, முதலாளியை நஷ்டத்திலிருந்து காப்பதற்கோ ஒருவருடைய தகவலைப் பயன்படுத்த அவருடைய சம்மதம் தேவையில்லை! 3-வது பிரிவைப் படியுங்கள். சட்டக் கடமைப்படி பொதுவில் வெளியிடப்பட்ட தகவலுக்கு இந்தச் சட்டமே பொருந்தாது. அதாவது முதலாளி நம்மைப் பற்றித் துருவுவதற்குத் தடை இல்லை. நாம் அதிகாரியிடம் கேட்பதற்குத் தடை உண்டு.

இது ஏதோ காகிதத்தில் மட்டும் இருக்கும் ஆபத்து அல்ல. கோர்ட் கணக்கு முழுவதும் இன்று இணையத்தில் இருக்கிறது. கட்சிக்காரர் பெயரைப் போட்டால் வழக்கு வந்து நிற்கும். ஆள் எடுக்கும் முன் இதைத் தேடிக் கொடுப்பதற்கென்றே கம்பெனிகள் கடை விரித்திருக்கின்றன. போலீஸ் இலாகாவும் கட்டணம் வாங்கிக்கொண்டு சரிபார்த்துக் கொடுக்கிறது. எங்கள் பகுதியில் போனஸ் கேட்டு ரோட்டில் உட்கார்ந்த ஒரு பையன் மீது, சட்டவிரோதமாகக் கூடியது, வழிமறித்தது என்று வழக்குப் போட்டார்கள். மூன்று வருஷத்தில் விடுதலையும் ஆனான். ஆனால் இன்னொரு நூல் மில்லில் இண்டர்வியூவுக்குப் போனபோது மேஜை மேல் அவன் பெயரும் வழக்கு நம்பரும் அச்சடித்த காகிதம் தயாராக இருந்தது. விடுதலை என்ற வார்த்தை அதில் இல்லை. கூட இருந்தவர்களும் சூப்பர்வைசரும் "அடுத்த வாரம் வா" என்றார்கள். அந்த வாரம் இன்னும் வரவில்லை.

விடுதலையானவர்கள் தங்கள் பெயரைத் தீர்ப்பு நகலிலிருந்து மறைக்கும்படி கோர்ட்டுக்கே போய்ப் பார்த்தார்கள். 2021-ல் சென்னை ஹைகோர்ட் நீதிபதி ஒருவர் அப்படிச் செய்யச் சட்டம் இல்லை என்றார். 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் மறைக்கச் சொன்னார்கள். ஜூலையில் சுப்ரீம் கோர்ட் அதற்குத் தடை போட்டது. தீர்ப்புகள் பொதுச் சொத்து என்ற வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் விடுதலையான ஏழையின் பெயர் விஷயத்தில் மட்டும் அந்தரங்கம் இவ்வளவு நொண்டி நொண்டி நடக்கிறதே, காண்டிராக்டர் விஷயத்தில் எப்படி ஒரே நாளில் குதிரைப் பாய்ச்சல் பாய்ந்தது?

வில்லங்கம் பார்ப்பது யாருக்காக?

ஏடு திறந்திருக்க வேண்டும் என்ற கொள்கை சொத்துக்காரர்களுக்குத் தெரியாததல்ல. 1908-ம் வருஷத்துப் பதிவுச் சட்டத்தின் 57-வது பிரிவு, நிலம் கைமாறிய பத்திரங்கள் ஏறும் முதல் புத்தகத்தையும் அதன் அட்டவணையையும் கட்டணம் செலுத்தி எவரும் பார்க்கலாம் என்கிறது. விற்றவர் பெயர், வாங்கியவர் பெயர், தொகை, எல்லாம் தனிநபர் தகவல்தான்! ஏன் திறந்து வைத்தார்கள்? வாங்குகிற பணக்காரன் ஏமாறக் கூடாதே! தமிழ்நாட்டில் இன்று 1975-லிருந்து வில்லங்க விவரத்தைச் செல்போனிலேயே பார்க்கலாம், சிட்டாவும் பார்க்கலாம். 1980-ல் பரம்பரைக் கர்ணம், மணியம் ஒழிக்கப்படும் வரை கர்ணத்தின் வீட்டுப் பெட்டியில் தூங்கிய கணக்கு அது. நம் ஆட்கள் இதைப் பயன்படுத்துவது மிகக் குறைவு. பஞ்சமி நிலம் தேடுகிறவர்களைத் தவிர.

அந்தத் தேடலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் 1891-ல் தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்ட மக்களின் நிலைமையைப் பற்றி அறிக்கை கொடுத்தார். 1892 செப்டம்பர் 30-ந் தேதி போட்ட 1010-ம் நம்பர் உத்தரவுப்படி அவர்களுக்கு நிலம் கொடுக்க ஏற்பாடு ஆயிற்று. முதல் பத்து வருஷம் யாருக்கும் விற்கக் கூடாது. அதன் பிறகும் அவர்களுக்குள் தவிர வேறு யாருக்கும் விற்கக் கூடாது என்பது நிபந்தனை. இன்று அந்த நிலத்தில் பெரும்பகுதி யாருடைய பட்டாவில் இருக்கிறது? இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, பழைய அ பதிவேட்டைப் புரட்டுவது. அதில் சர்வே நம்பருக்கு நேரே முதலில் யார் பேர், பிறகு யார் பேர், 1980-களில் நில உடைமை மேம்பாடு என்ற பெயரில் கணக்கைத் திருத்தியபோது எந்தப் பேர் நுழைந்தது என்று வரிவரியாகப் பார்க்க வேண்டும். 1994-ல் மாமல்லபுரத்துக்குப் பக்கத்துக் காரணையில் பஞ்சமி நிலத்துக்காகப் போராடியவர்களில் இரண்டு பேர் அக்டோபர் 10-ந் தேதி துப்பாக்கிச் சூட்டில் உயிர் விட்டார்கள். இனி தாலுகா காரியாலயத்தில் அந்த ஏட்டைக் கேட்டால், பட்டாதாரர் பெயர் தனிநபர் தகவல் என்று பதில் வந்தால் ஆச்சரியமில்லை. கேட்பவரின் பாட்டன் பெயரே அதில் முதல் வரியாக இருந்தாலும் கூட!

குத்தகை விவசாயிக்கும் இதே கதைதான். 1969-ம் வருஷத்துக் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டப்படி ஏட்டில் பெயர் ஏறாதவரைக் குத்தகைதாரர் என்று ஒப்புக்கொள்ள வைப்பது பெரும்பாடு. ஏட்டில் இல்லாவிட்டால் ஆளே இல்லை. ஏட்டைக் கேட்டால் அந்தரங்கம்.

ஆகவே நம் கோரிக்கை தெளிவானது. 44(3) பிரிவை ரத்து செய். பழைய 8(1)(ஜே) பிரிவை அதன் கடைசி வாசகத்தோடு திருப்பிக் கொடு. 7-வது பிரிவில் முதலாளிக்குக் கொடுத்த சலுகையை, அது அமலுக்கு வரும் முன்பே எடுத்துவிடு. சங்கத்தில் இருப்பதையும், போராட்டத்தில் போட்ட வழக்கையும், விடுதலையான வழக்கையும் காட்டி வேலை மறுப்பதைக் குற்றமாக்கு.

அதுவரை கை கட்டி உட்கார வேண்டியதில்லை. வில்லங்கமும் சிட்டாவும் திறந்திருக்கின்றன. வேட்பாளர்களின் சொத்து, வழக்கு விவரம் 2002, 2003 தீர்ப்புகளால் நமக்குக் கிடைத்தது, அதுவும் திறந்திருக்கிறது. மில் சகோதரர்கள் பி.எஃப். இலாகாவின் இணையத்தில் கம்பெனி பெயரைப் போட்டு, எந்த மாதத்துக்கு எத்தனை பேருக்குப் பணம் கட்டினார்கள் என்று பாருங்கள். ஷிப்டில் நிற்பவர்களை எண்ணுங்கள். இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். கம்பெனி டைரக்டர்கள் யார் யார், அவர்களுக்கு வேறு என்னென்ன கம்பெனி என்பதும் கம்பெனி இலாகாவின் ஏட்டில் கிடைக்கும்.

தகவல் மனு எழுதும்போது ஒரு மாற்றம் செய்துகொள்ளுங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை என்பது 6(2) பிரிவு. அது இன்றும் இருக்கிறது. ஆனாலும் மனுவின் கடைசியில், இது பொதுப் பணம் செலவான விஷயம், 8(2) பிரிவுப்படி பொதுநலன் பெரிது என்று இரண்டு வரி சேர்த்துவிடுங்கள். பெயர்ப் பட்டியலோடு வேலையின் அளவுப் புத்தகத்தையும் பில்லையும் நேரில் பார்வையிடக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வாயால் மறுத்தால் விடாதீர்கள், எழுத்தில் வாங்குங்கள். மறுப்பு வந்த தேதியிலிருந்து 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. "தனிநபர் தகவல்" என்று எழுதித் திருப்பிய ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு நகல் தாலுகா சங்க காரியாலயத்துக்கு வரட்டும். எந்த இலாகா, எந்த வேலை, எத்தனை ரூபாய் என்று மேலே பென்சிலால் குறித்து அனுப்புங்கள்.